கதவு திறக்கவில்லை என்று வீட்டை இடிப்பதா?

சென்னையிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருத்தணிக்கு முன்னதாக அமைந்திருக்கிறது கனகம்மாசத்திரம். ஊரின் பெயரிலேயே ஒரு சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் சத்திரம் ஒன்றின் வாயிற்கதவு ஒருநாள் இறுகிக்கொண்டு திறக்க மறுத்தது என்று வைத்துக்கொள்வோம். அதற்காகக் கட்டடத்தை இடிப்பார் உண்டோ? பின்கட்டு வழியே உள்ளே சென்று, முதலில் பொருள்களைப் பத்திரப்படுத்துவர். பிறகு கதவின் கீலைச் சரிசெய்வர்.

ஆனால் வீட்டுக் கணிப்பொறியின் கதவு திறக்காதபோது நாம் செய்வது என்ன? மகளின் கல்லூரி விண்ணப்பத்திற்கு மறுநாள் இறுதி நாள். திரையின் அடியிலுள்ள ஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறாள், ஒன்றும் விரியவில்லை. பதறிப்போன தந்தை கணிப்பொறியைப் பையில் வைத்துக்கொண்டு பேருந்தேறிக் கடைக்குச் செல்கிறார். “ஃபார்மட் போட வேண்டும்” என்கிறார் கடைக்காரர். பொருள் விளங்காமலே தந்தை தலையசைக்கிறார். மாலையில் கணிப்பொறி புதுப்பொலிவுடன் திரும்பி வருகிறது. ஆனால் மதிப்பெண் பட்டியலின் நகல் இல்லை. இளையவனின் புதுநன்மைப் படங்கள் இல்லை. மறைந்த பாட்டியின் கடைசிப் படமும் இல்லை. ஃபார்மட் என்றால் உள்ளிருப்பதைத் துடைத்தெடுப்பது என்று அவருக்கு எவரும் கூறவில்லை. அந்தத் தலையசைப்பைத் தடுப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2011 செப்டம்பர் 15 அன்று, இதே மாவட்டத்தில் திருவள்ளூரை அடுத்த காக்களூரில், மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் அரசுத் திட்டம் தொடங்கப்பெற்றது. அதுவரை கணிப்பொறியைக் கண்டிராத பல சிற்றூர் வீடுகளிலும் அது புகுந்தது. பழுது நேர்ந்தால் என் செய்வது என்ற அறிவு மட்டும் கூடவே வரவில்லை.

பழுது எங்கே?

ஸ்டார்ட் மெனு எனப்படும் தொடக்கப் பட்டியல், 1995 ஆகஸ்ட் 24 அன்று வெளியான விண்டோஸ் 95 உடன் அறிமுகமாயிற்று. 2012-இல் வந்த விண்டோஸ் 8 அதை நீக்கியது. மக்களின் முணுமுணுப்புக்குப் பின், 2015-இல் விண்டோஸ் 10 அதனை மீண்டும் கொணர்ந்தது. இன்று அது தனித்து இயங்கும் ஒரு சிறு நிரல். ஆகவே, கணிப்பொறி முழுவதும் நலமாயிருக்க, அது மட்டும் மயங்கிவிழக்கூடும். புதுப்பித்தல் நடக்கும்போது மின்சாரம் தடைப்படுதல், விண்டோஸின் கோப்புகளுள் ஏதேனும் சிதைதல், ஒருவரது பயனர் கணக்கு மட்டும் பழுதுபடுதல் ஆகியவை இதற்குக் காரணங்களாகலாம். இவற்றுள் எதுவும் உங்கள் படங்களையும் கடிதங்களையும் நேரே அழிப்பதில்லை என்பதை முதலில் மனத்திற்கொள்ளுங்கள்.

படிப்படியாகச் செய்க

முதற்படி: மறுதொடக்கம். கன்ட்ரோல், ஆல்ட், டெலீட் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால், திரையின் வலப்பக்க மூலையில் மின்பொத்தான் குறி தோன்றும். அதில் ரீஸ்டார்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஷட் டவுன் செய்து மீண்டும் போடுவதைவிட இதுவே மேல். ஏனெனில் இக்காலக் கணிப்பொறிகள் பலவற்றில், விரைந்து தொடங்கும் பொருட்டு, ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் உட்பகுதி முற்றிலும் புதிதாகத் தொடங்குவதில்லை.

இரண்டாம் படி: கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை ஒருங்கே அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அங்குள்ள பட்டியலில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் என்ற வரியைத் தேர்ந்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். திரை ஒருகணம் வெறுமையாகி மீளும், அஞ்ச வேண்டாம். பெரும்பாலும் மெனு இங்கேயே உயிர் பெற்றுவிடும்.

மூன்றாம் படி: இன்னும் திறக்கவில்லையெனில், பழுதைவிட்டு முதலில் பொருளைக் காப்பாற்றுங்கள். விண்டோஸ் விசையுடன் ஈ எழுத்தை அழுத்தினால் கோப்புறைகள் திறக்கும். இதுவே நமது பின்கட்டு வழி. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, அதை வேறொரு கணிப்பொறியில் திறந்தும் பாருங்கள். விண்ணப்பத்தின் இறுதி நாள் நெருங்கியிருந்தால், அதே பென்டிரைவைக் கொண்டு வேறோரிடத்தில் வேலையை முடித்துவிடலாம்.

நான்காம் படி: டாஸ்க் மேனேஜரில் ரன் நியூ டாஸ்க் என்பதைத் திறந்து சி, எம், டி என்னும் மூன்று எழுத்துகளை இட்டு, நிர்வாகி உரிமைக்கான சிறு கட்டத்தில் குறியிட்டு, ஓகே கொடுங்கள். தோன்றும் கருந்திரையில் எஸ், எஃப், சி என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்கோடிட்டு, அதை ஒட்டியே எஸ், சி, ஏ, என், என், ஓ, டபிள்யூ என்று தட்டி, என்டர் விசையை அழுத்துங்கள். சிதைந்த விண்டோஸ் கோப்புகளை அது தேடிச் சீராக்கும். சற்று நேரம் பிடிக்கும்; இடையில் நிறுத்தாதீர்கள்.

ஐந்தாம் படி: விண்டோஸ் விசையுடன் ஐ எழுத்தை அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். அரைகுறையாய் நின்ற அப்டேட் உண்டாயின் முடியுங்கள். பிறகு அக்கவுண்ட்ஸ் பகுதியில் புதிய பயனர் கணக்கொன்றை உண்டாக்கி, அதன்வழி நுழைந்து பாருங்கள். அங்கே மெனு ஒழுங்காக இயங்குமானால், பழுது பழைய கணக்கில் மட்டுமே. கோப்புகளைப் புதிய கணக்கிற்கு மாற்றிக்கொண்டால் போதும்.

கடைக்குச் செல்லும் முன்

இத்தனைக்கும் மசியாத பழுதும் உண்டு. அப்போது கடைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் வாய் திறந்து பேசுங்கள். “என் கோப்புகளை நகலெடுத்துக் காட்டிய பின்னரே கை வைக்க வேண்டும்” என்று கூறுங்கள். விண்டோஸிலேயே ரீசெட் என்னும் வழியுண்டு. அதில், கோப்புகளை வைத்துக்கொள்க என்று பொருள்படும் ‘கீப் மை ஃபைல்ஸ்’ என்ற தேர்வும் உண்டு. அதனால் சொந்தக் கோப்புகள் நிற்கும். தமிழ்த் தட்டச்சு போன்று பின்னர் நிறுவிய மென்பொருள்களை மட்டும் மீண்டும் நிறுவ நேரிடும். எல்லாவற்றையும் துடைப்பது கடைசி வழியே.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டிலிருப்பது அதுவாயின், மேலே கூறிய முறைகள் பயன்படும். எனினும் கோப்புகளின் நகல் இன்னும் இன்றியமையாததாகிறது.

ஆதலின், மெனு கெட்டுப்போகும் நாள்வரை காத்திராதீர்கள். அது நன்றாகத் திறக்கும் இன்றைக்கே, பிள்ளைகளை அருகிலமர்த்தி, சான்றிதழ்களையும் படங்களையும் ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, குடும்ப அட்டை இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள்.