எண்ணிமத் தொலைக்காட்சியும் வீட்டு ஆன்டெனாவும்

கம்பிவட இணைப்போ செயற்கைக்கோள் தட்டோ இல்லாமல், நிலத்தில் நிற்கும் ஒளிபரப்புக் கோபுரத்திலிருந்து வரும் அலைகளை ஆன்டெனா மூலம் நேரடியாகப் பெறுவது தரைவழித் தொலைக்காட்சி எனப்படும். சிங்கப்பூரும் மலேசியாவும் 2019-ஆம் ஆண்டில் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு, டிவிபி-டி2 என்னும் எண்ணிம முறைக்கு முழுமையாக மாறின. சிங்கப்பூரின் வசந்தம் ஒளிவழியை மாதக் கட்டணமின்றி இவ்வாறு பார்க்கலாம். அலை சரியாகக் கிடைக்காத வீட்டில் தமிழ்ச் செய்திக்காகக் காத்திருக்கும் முதியவருக்குத்தான் இழப்பு. பெரும்பாலும் அதைச் சரிசெய்யச் செலவு தேவையில்லை.

அனலாக் காலத்தில் அலை வலுவிழந்தால் திரையில் புள்ளிகள் பொரியும், உருவம் இரண்டாகத் தெரியும். ஆனாலும் நிகழ்ச்சியைப் பின்தொடர முடிந்தது. எண்ணிம முறையில் அந்த இடைநிலை மிகக் குறுகியது. வகுப்பில் சொல்வதெழுதுதல் நடக்கும்போது வெளியே இரைச்சல் என்று வைத்துக்கொள்வோம். ஓரிரு எழுத்து காதில் விழாவிட்டாலும் மாணவர் சொல்லை ஊகித்து நிரப்பிவிடுவார். பாதி எழுத்து போய்விட்டால் ஊகமும் உதவாது. எண்ணிமப் பெறுவியும் தவறிய துணுக்குகளைக் கணக்கிட்டு மீட்கிறது. பிழை ஓர் எல்லையைத் தாண்டியதும் படம் கட்டம் கட்டமாக உடைந்து, பிறகு அடியோடு மறைகிறது. ஆகவே படம் தெளிவாக இருப்பதாலேயே அலை போதுமான அளவு வருகிறது என்று கொள்ள முடியாது. எல்லையின் விளிம்பிலும் இருக்கலாம். தொலைக்காட்சியின் அமைப்புப் பட்டியலில் அலை வலு, அலைத் தரம் என இரண்டு அளவுகளைக் காணலாம். கவனிக்க வேண்டியது தரத்தைத்தான்.

இவ்விரு நாடுகளின் எண்ணிம ஒளிபரப்பு யுஎச்எஃப் அலைகளில் வருகிறது. 300-ஐ மெகாகெர்ட்சு எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 600 மெகாகெர்ட்சுக்கு அது அரை மீட்டர்; அதில் பாதியான 25 செ.மீ. அளவே ஆன்டெனாத் தண்டின் நீளம். பழைய விஎச்எஃப் ஆன்டெனாவின் நீண்ட தண்டுகள் இதற்குப் பொருந்தா. கூரையில் மீன்முள் போல நிற்பது யாகி-உடா ஆன்டெனா. 1926-இல் ஜப்பானியரான உடாவும் யாகியும் உலகுக்கு அறிவித்தது. அதன் குட்டைத் தண்டுகள் உள்ள முனை கோபுரத்தை நோக்க வேண்டும். தண்டுகள் படுக்கையாக நிற்க வேண்டுமா, செங்குத்தாகவா என்பது கோபுரத்தைப் பொறுத்தது. அக்கம்பக்கத்துக் கூரைகளைப் பார்த்தாலே தெரியும்.

அடுக்குமாடி வீட்டில் உள்ளறை ஆன்டெனாவைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் செருகி வைப்பதே பலரது வழக்கம். அதைவிட மோசமான இடம் அரிது. கம்பி பதித்த கற்காரைச் சுவர் அலையைத் தடுக்கும். தொலைக்காட்சியின் மின்சுற்றோ இரைச்சலைச் சேர்க்கும். கோபுரம் இருக்கும் பக்கத்துச் சன்னலுக்குக் கொண்டு போங்கள். சன்னலில் உலோகப் பூச்சுள்ள தாளோ நெருக்கமான கம்பி வலையோ இருந்தால் வேறு சன்னலைப் பாருங்கள். அரை மீட்டர் நகர்த்துவதுகூடப் பெரிய வேறுபாடு தரும், ஏனெனில் நேரலையும் சுவரில் பட்டு வரும் எதிரலையும் ஓரிடத்தில் கூடும், இன்னோரிடத்தில் ஒன்றையொன்று அழிக்கும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் ஒளிவழித் தேடலை மீண்டும் ஓட்ட வேண்டியதில்லை. ஒருவர் தர அளவைப் படிக்க, மற்றவர் மெல்ல நகர்த்தினால் போதும்.

அடுத்தது வடம். ஆர்ஜி-6 வகை 75 ஓம் வடத்தில் 30 மீட்டருக்கு ஏறத்தாழ 5 டெசிபெல் இழப்பு உண்டு. 3 டெசிபெல் இழந்தாலே திறன் பாதியாகிவிடும். ஒரு வடத்தை இரண்டு தொலைக்காட்சிகளுக்குப் பிரித்தாலும் அவ்வளவு போகும். நீர் புகுந்து துருவேறிய இணைப்பு முனையை முதலில் மாற்றுங்கள்.

கடைக்காரர் முதலில் நீட்டுவது பூஸ்டரைத்தான். அது அலையோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். வந்து சேராத அலையை உண்டாக்காது. நீண்ட வடத்தின் இழப்பை ஈடுசெய்ய ஆன்டெனாவுக்கு அருகிலேயே பொருத்தினால் பயன் தரும். கோபுரத்துக்கு அருகிலுள்ள வீட்டில் அது பெறுவியைத் திணறடித்து, இருந்த படத்தையும் கெடுத்துவிடலாம்.

செயற்கைக்கோள் தட்டைப் போல யுஎச்எஃப் அலை மழையால் பெரிதும் மங்குவதில்லை. மழை நாளில் மட்டும் படம் உடைகிறதென்றால், ஈரம் புகுந்த இணைப்பைத் தேடுங்கள். அதுவும் மழையும் இடியும் ஓய்ந்து கூரை உலர்ந்த பிறகு.