கார் கை மாறிவிட்டது. டோல் யார் தலையில்?

பெங்களூரு கோரமங்களாவில் ஒருவர் சனிக்கிழமை மாலை தன் காரை விற்றுச் சாவியைக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் சேலத்துக்காரர், அன்றிரவே ஊருக்குக் கிளம்புகிறார். எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம், அத்திப்பள்ளி, கிருஷ்ணகிரி, தொப்பூர் என ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் தடுப்பு தானாகத் தூக்கிக்கொள்கிறது. பணம் பிடித்த குறுஞ்செய்தி மட்டும் ஒவ்வொரு முறையும் கோரமங்களாக்காரரின் போனுக்கு வருகிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக்கை இருவருமே மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு? நியாயப்படி, ஓட்டிக்கொண்டு போனவர். நடைமுறையில், டேக் யார் கணக்கில் இருக்கிறதோ அவர். கட்டாமல் பாக்கி விழுந்தால், ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) பெயர் உள்ளவர். கார் ஒரே ஆளிடம் இருக்கும்வரை இந்த மூவரும் ஒருவரே. விற்று, வாங்கி, பெயர் மாறும் அந்தச் சில வாரங்களில்தான் மூவரும் வேறு வேறு ஆளாகிவிடுகிறார்கள். சண்டை பிறப்பது அந்த இடைவெளியில்.

சட்டம் என்ன சொல்கிறது?

தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகள் 2008இல் வந்தவை. வாகனத்தை ஓட்டுபவர், அதன் உரிமையாளர், அதைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் ஆகியோரில் யாரிடமிருந்தும் கட்டணம் வசூலிக்க அவை இடம் தருகின்றன. சாவடிக்காரருக்கு வேண்டியது பணம். விற்பனைக் கதை அவருக்குத் தேவையில்லை.

உரிமையாளர் யார் என்பதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பதில் வைத்திருக்கிறது: பொதுவாக, யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே. பணம் கைமாறியதும் சாவி கைமாறியதும் இதை மாற்றாது. 2018 பிப்ரவரியில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாகவே சொன்னது. அந்தக் கார் பல கை மாறியிருந்தும், ஆர்.சி.யில் பெயர் இருந்த முதல் ஆள்மேல்தான் பொறுப்பு விழுந்தது. டோலைவிட எத்தனையோ மடங்கு பெரிய தொகைக்கே இதுதான் நிலை.

அதே சட்டத்தின் 50ஆம் பிரிவு காலக்கெடுவும் வைக்கிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான படிவம் 29. வாங்கியவர் 30 நாட்களுக்குள் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். அது படிவம் 30. வெளிமாநிலத்துக்குப் போகும் வண்டியென்றால் படிவம் 28, அதாவது என்.ஓ.சி. (தடையின்மைச் சான்று), வேண்டும்.

சாவடியில் என்ன நடக்கிறது?

வண்டி நெருங்கும்போது மேலே உள்ள கருவி டேக்கைப் படிக்கிறது. அந்தத் தகவல் சாவடியின் வங்கி வழியாகத் தேசிய கொடுப்பனவுக் கழகத்துக்குப் போகிறது. டேக் உயிரோடு இருக்கிறதா, எந்த வண்டி எண், எந்த வகை வாகனம் என்று அங்கே பார்த்து, டேக் கொடுத்த வங்கிக்குத் தள்ளிவிடுகிறார்கள். அந்த வங்கி தன் வாடிக்கையாளர் கணக்கில் பணத்தை எடுத்துக்கொள்கிறது. இத்தனை கைகளில் எதுவும், ஸ்டீயரிங் பிடித்திருப்பது யார் என்று கேட்பதில்லை.

டேக் ஒட்டியிருப்பது காரில்தான். ஆனால் காரோடு சேர்த்து விற்கப்படும் ஸ்டெப்னி, ஜாக்கி போன்ற பொருள் அல்ல அது. விற்றவரின் ஆவணங்களைக் காட்டி, விற்றவரின் பெயரில் திறந்த கணக்கு. வீட்டை விற்றுவிட்டு, அடுத்தவர் ஏசி போட்டுத் தூங்கும் கரண்ட் பில்லைத் தன் வங்கிக் கணக்கிலிருந்து கட்டிக்கொண்டிருப்பதற்குச் சமம், டேக்கை மூடாமல் காரை விற்பது.

விற்றவருக்கு என்ன ஆபத்து?

பெரும் ஆபத்து, தானாக ரீசார்ஜ் ஆகும் வசதி. டேக் சேமிப்புக் கணக்கோடு இணைந்திருந்தாலோ, இருப்பு குறைந்ததும் தானே நிரப்பிக்கொள்ளும்படி அமைத்திருந்தாலோ, மாதக்கணக்கில் பணம் போய்க்கொண்டே இருக்கும். இந்த வசதி இல்லாதவருக்கு மிச்ச இருப்போடு நஷ்டம் நின்றுவிடும்.

வங்கியிடம் புகார் கொடுத்தால் போன பணம் திரும்பி வருமா? அரிதுதான். டேக் சரியாகப் படிக்கப்பட்டது, வண்டியும் சரியான வண்டி. வங்கியின் பார்வையில் இதில் பிழை எதுவும் இல்லை. வாங்கியவரிடம் கேட்டு வாங்குவதே வழி. அதற்கு ஒப்படைத்த நாளும் நேரமும் எழுதி, இருவரும் கையெழுத்திட்ட டெலிவரி நோட் வேண்டும். தேதி மட்டும் போதாது: காலையில் விற்றவர் ஓட்டி, மாலையில் வாங்கியவர் ஓட்டிய நாளின் டோலை எப்படிப் பிரிப்பது? பணம் பிடிக்கும் செய்தி சில சமயம் மணிக்கணக்கில் தாமதமாக வரும். அதனால் செய்தி வந்த நேரத்தை விட்டுவிட்டு, வண்டி சாவடியைக் கடந்ததாகக் கணக்கு விவரத்தில் உள்ள நேரத்தைப் பாருங்கள்.

ஆண்டு பாஸ் வைத்திருப்பவருக்கு இன்னொன்று. 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான இந்த பாஸில் ஓராண்டு அல்லது 200 பயணம், எது முந்துகிறதோ அதுவரை போகலாம். பெங்களூரு–மைசூரு சாலையில் அடிக்கடி போகிறவர்களுக்கு லாபம்தான். ஆனால் அது அந்த வண்டிக்கு மட்டும் உரியது. மீதிப் பயணங்களைப் புதிய காருக்கு எடுத்துப் போக முடியாது. விற்கும் யோசனை இருந்தால் பாஸைப் புதுப்பிக்காமல் இருப்பது நல்லது.

வாங்கியவருக்கு என்ன ஆபத்து?

ஓசியில் டோல் கடந்தோம் என்று மகிழ முடியாது. விற்றவர் விழித்துக்கொண்டு டேக்கை முடக்கியதும், நடுச்சாலையில் நிற்பது இவர்தான். 2021 பிப்ரவரி 15 நள்ளிரவு முதல் தேசிய நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டேக் கட்டாயம்.  2025 நவம்பர் 15 முதல், செல்லாத டேக்கோடு வருபவர் யு.பி.ஐ.யில் கட்டினால் 1.25 மடங்கு தர வேண்டும். 100 ரூபாய் டோலுக்கு 125.

அடுத்தது, புது டேக் கிடைப்பதில் வரும் தடை. ஒரு வண்டிக்கு ஒரு டேக் என்பது இப்போதைய விதி. பழைய டேக் உயிரோடு இருக்கும்வரை அதே எண்ணுக்கு வேறு டேக் எடுப்பது சிக்கல். மூட வேண்டியவர் விற்றவர். அவரோ அதற்குள் வேறு ஊருக்குப் போயிருக்கலாம். அதனால் முழுப் பணத்தையும் கொடுக்கும் முன்பே இதை முடித்துக்கொள்ள வேண்டும். தேசிய கொடுப்பனவுக் கழகத்தின் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால், எந்த வங்கியின் டேக், அது நடப்பில் உள்ளதா என்று தெரிந்துவிடும். பழைய கார்களில் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கியின் டேக் இன்னும் ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். ரிசர்வ் வங்கியின் உத்தரவால் 2024 மார்ச் 15க்குப் பிறகு அதில் பணம் போட வழியில்லை.

மூன்றாவது, பழைய பாக்கி. 2026 ஜனவரியில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. மின்னணுக் கருவி வண்டியின் பயணத்தைப் பதிவுசெய்தும் டோல் வந்து சேரவில்லையென்றால், அது வண்டியின் பெயரில் பாக்கியாக நிற்கும். அதைத் தீர்க்காமல் பெயர் மாற்றமோ வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோகும் என்.ஓ.சி.யோ கிடைக்காது, தகுதிச் சான்று புதுப்பிப்பதும் நிற்கும். தடுப்பே இல்லாமல் வண்டிகள் ஓடிக்கொண்டே டோல் கட்டும் முறைக்காகத்தான் இந்த ஏற்பாடு. முன்பு டோல் தகராறு இரண்டு பேர் மனக்கசப்போடு முடிந்துவிடும். இனி சில நூறு ரூபாய் பாக்கிக்காகக் காரின் பெயர் மாற்றமே தேங்கி நிற்கலாம். போக்குவரத்து அபராதத்தைப் பார்ப்பதுபோல் டோல் பாக்கியையும் பார்த்துவிட்டே முன்பணம் கொடுங்கள்.

தமிழ்நாட்டு வண்டியைப் பெங்களூருவுக்குக் கொண்டுவந்தால்?

ஓசூரிலோ சேலத்திலோ கார் வாங்கிப் பெங்களூருவில் ஓட்டும் தமிழர்கள் பலர். 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வண்டியை வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்யச் சொல்கிறது சட்டம். மறுபதிவில் டி.என். எண் போய் கே.ஏ. எண் வரும். டேக் இருப்பது பழைய எண்ணில். எண் மாறியதும் டேக் கொடுத்த வங்கியில் புது ஆர்.சி.யைக் காட்டித் திருத்த வேண்டும். கண்ணாடியில் ஒரு எண், நம்பர் பிளேட்டில் ஒரு எண் என்று சாவடியில் போய் நிற்காதீர்கள்.

இடையில் வியாபாரி இருந்தால்?

விற்றவருக்கும் வாங்கியவருக்கும் நடுவே வண்டி சில வாரம் ஷோரூமில் நிற்கும். 2023 ஏப்ரல் 1 முதல், அங்கீகாரம் பெற்ற பழைய கார் வியாபாரியிடம் வண்டியைக் கொடுத்து, படிவம் 29சி வழியாக ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துவிட்டால், அடுத்த ஆள் பெயருக்கு மாறும்வரை வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். வண்டியை அவர் எங்கே, எதற்கு எடுத்துப்போனார், யார் ஓட்டினார் என்று மின்னணுப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும். புரோக்கரிடம் கொடுத்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆள் கிடைத்ததும் மாற்றித் தருகிறேன் என்று சொல்பவரிடம், சாவி கொடுக்கும் முன்பே டேக்கை மூடிவிடுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் செய்ய வேண்டியவை

விற்பவர்: முதலில் தானியங்கி ரீசார்ஜை நிறுத்துங்கள். அன்றே வங்கியின் செயலியிலோ உதவி எண்ணிலோ டேக்கை மூடக் கோரி, கோரிக்கை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மீதி இருப்பும் வைப்புத்தொகையும் திரும்ப வரும். மூடிய டேக்கைக் கண்ணாடியிலிருந்து கிழித்துவிடுங்கள். படிவம் 29ஐத் தாக்கல் செய்து ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குபவர்: பழைய டேக் மூடப்பட்டதை இணையதளத்தில் உறுதிசெய்யுங்கள். ஆர்.சி.யில் பழைய பெயர் இருக்கும்போது புது டேக் தருவதில் வங்கிக்கு வங்கி வழக்கம் மாறும். முன்கூட்டியே கேட்டு வையுங்கள். கிடைக்கும்வரை யு.பி.ஐ.யில் 1.25 மடங்கு கட்டிப் போவது தொல்லையில்லாத வழி.

சில நாளைக்குப் பழைய டேக்கே இருக்கட்டும் என்று இருவரும் பேசிக்கொண்டால், வாங்கியவர் தன் யு.பி.ஐ.யிலிருந்தே வண்டி எண்ணைப் போட்டு அதில் பணம் நிரப்ப முடியும். ஆனால் கடைசி நாள் எது என்று டெலிவரி நோட்டில் எழுதிவிடுங்கள். அந்த நாள் வந்ததும் விற்றவர் யாரையும் கேட்காமல் டேக்கை மூடிவிடலாம்.

ஏற்கெனவே பணம் போய்க்கொண்டிருக்கிறதா? முதல் வேலையாக வங்கியை அழைத்து டேக்கை முடக்குங்கள். பணத்தைப் பற்றிய பேச்சு அப்புறம். ஓடாத சாலையில் டோல் பிடித்தது, காருக்கு லாரிக் கட்டணம் பிடித்தது போன்ற உண்மையான பிழைகளுக்கு வங்கியிலும், நெடுஞ்சாலை ஆணையத்தின் 1033 எண்ணிலும் புகார் செய்யலாம். வாங்கியவர் ஓட்டிய டோலுக்கு அந்த எண் உதவாது. கணக்கு விவரத்தையும் டெலிவரி நோட்டையும் சேர்த்து அவருக்கே அனுப்பிக் கேளுங்கள். நேரம் போட்ட தாளைப் பார்த்த பிறகு பெரும்பாலும் யாரும் வாதாடுவதில்லை.