உங்களுக்குத் தெரியுமா? 39 அடி வாங்கியும் அசராத வீரன்

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ மேசை விளையாட்டில் உயிர் என்பது வெறும் எண்: ‘ஹிட் பாயின்ட்’. 40 புள்ளி உள்ள வீரன் 39 இழந்தாலும் நொண்டாமல் வாள் வீசுவான். கடைசிப் புள்ளியும் போனால்தான் விழுவான். கேலி கிளம்பாமல் இருக்குமா? அது சதைக் கணக்கு மட்டுமல்ல, சாமர்த்தியம், அதிர்ஷ்டம், தெய்வ அருள் எல்லாம் சேர்ந்தது என்று 1979-இல் கைகாக்ஸ் விளக்கம் எழுதினார். (சரி, மலையுச்சியிலிருந்து விழுபவனை எந்தச் சாமர்த்தியம் காப்பாற்றும்?)

1978-இல் வந்த ‘ரூன்குவெஸ்ட்’ வேறு வழியில் போனது. தலை, மார்பு, வயிறு, இரு கை, இரு கால் என்று உடலை 7 பகுதியாகப் பிரித்து, அடி எங்கே பட்டது என்பதை 20 முகப் பகடையை உருட்டித் தீர்மானித்தது. காலில் பலமாகப் பட்டால் ஆள் தரையில்தான்.