சிறிய பள்ளியும் பெரிய பள்ளியும்

இரண்டு பள்ளிகளை ஒப்பிடச் சொன்னால் நாம் எதை எண்ணுவோம்? ஆய்வுக்கூடங்களை எண்ணுவோம், பட்டம் பெற்ற ஆசிரியர்களை எண்ணுவோம், தேர்வில் தேறியவர்களை எண்ணுவோம். வேறொன்றை எண்ணிப் பார்த்த இருவரைப் பற்றி இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

அமெரிக்க நாட்டில், கோதுமைக்குப் பேர்போன கான்சாஸ் மாநிலத்தின் கிழக்கே ஆஸ்கலூசா என்றொரு சிற்றூர் உண்டு. ரோஜர் பார்க்கர் என்னும் உளவியல் அறிஞர் 1947இல் தம் துணைவர் ஒருவருடன் அங்கே ஓர் ஆய்வு நிலையம் அமைத்து, ஊராரில் ஒருவராகவே வாழ்ந்தார். குழந்தையை ஆய்வுக்கூடத்திற்கு அழைக்காமல், அது திரியும் தெருவுக்கும் பயிலும் பள்ளிக்கும் தாமே சென்று காண்பது அவர் முறை.

அந்நாளில் சிற்றூர்ப் பள்ளிகளுக்குச் சோதனைக் காலம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட் 1959இல் ஒரு நூல் வெளியிட்டார். இறுதி வகுப்பில் நூறு பேராவது இல்லாத உயர்நிலைப் பள்ளி நிறைவான கல்வி தர இயலாது; அத்தகையவற்றை ஒன்றாக இணைக்க வேண்டும் என்பது அவர் முடிவு. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. பத்துப் பேருக்காகப் பௌதிக ஆசிரியரை எங்ஙனம் அமர்த்துவது? கணிதத்தில் கூர்மையுள்ள பெண்ணொருத்தி, கற்பிக்க ஆளில்லாமையால் பின்தங்குவது கொடுமையன்றோ?

பார்க்கரும் பால் கம்ப் என்பவரும் கிழக்குக் கான்சாஸில் 13 உயர்நிலைப் பள்ளிகளை எடுத்துக்கொண்டனர். மிகச் சிறியதில் 35 மாணவர்; மிகப் பெரியதில் 2,287 மாணவர். வகுப்புகள் மட்டுமா? நாடகம், கூடைப்பந்தாட்டம், வாத்தியக் குழு, உணவுக்கூடம் என ஒவ்வொரு பள்ளியிலும் நடப்பன யாவற்றையும் கணக்கிட்டனர். மாணவர் தொகையில் பெரிய பள்ளி சிறியதைப் போல் 65 மடங்கு. ஆனால் நடப்பனவற்றின் தொகையோ 8 மடங்குதான். அவற்றின் வகைகளை எண்ணினாலோ, ஒன்றரை மடங்கே!

இவ்வெண்களைச் சற்று வகுத்துப் பாருங்கள். பெரிய பள்ளியில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் எட்டு மடங்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள். நாடகத்திற்குப் பன்னிரு நடிகர் வேண்டுமென்றால், சிறந்த பன்னிருவரைப் பொறுக்கி எடுத்துவிடலாம், ஏனையோர் கைதட்டுவோர். முப்பத்தைந்து பேருள்ள பள்ளியிலோ பொறுக்குவதற்கு யார் இருக்கிறார்கள்? நேற்றுப் பந்தாடியவனே இன்று அரசன் வேடம் புனைய வேண்டும். குரல் வளமில்லாதவளும் பாட்டுக் குழுவில் நிற்க வேண்டும். நாடகம் சுமாராகத்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஆயினும் அவள் வராவிட்டால் குழுவே இல்லை. அதை அவளும் அறிவாள்.

சிறிய பள்ளி மாணவர்கள் பொறுப்பான பணிகளை மிகுதியாக ஏற்றிருந்தனர். தம் திறமை வளர்ந்ததையும் தாம் வேண்டப்பட்டதையும் மகிழ்ச்சியாகக் கூறினர். பெரிய பள்ளியினர் பிறர் ஆடக் கண்டதையும், பெருங்கூட்டத்தில் ஒருவராய் இருந்ததையும் கூறினர். என்னைப் பெரிதும் கவர்ந்தது பின்தங்கிய மாணவரைப் பற்றிய செய்தி. பெரிய பள்ளியில் அவர்கள் ஒதுங்கியே நின்றனர். தம்மை எவரும் எதிர்பார்ப்பதாக அவர்களுக்குத் தோன்றவில்லை. சிறிய பள்ளியிலோ மற்றவரைப் போலவே அவர்களுக்கும் அழைப்பும் வற்புறுத்தலும் இருந்தன.

அவ்விருவரும் பாடத் தேர்ச்சியை அளக்க முற்படவில்லை. ஆதலால் கோனன்ட் எழுப்பிய வினாவுக்கு இது மறுமொழி ஆகாது. அவர் கேட்டது பள்ளி எதைக் கொடுக்கிறது என்று. இவர்கள் கேட்டது பள்ளிக்கு யார் தேவைப்படுகிறார்கள் என்று. ஓர் ஊரார் தம் பள்ளியை மூடும்முன் இரண்டையும் கேட்டாக வேண்டும் என்பேன்.

அவர்கள் நூல் 1964இல் வெளிவந்தது. கான்சாஸில் பள்ளி வட்டாரங்களை இணைக்கும் சட்டம் அதற்கு முந்திய ஆண்டே நிறைவேறிவிட்டது.