திருகிப் பூட்டும் இணைப்பும் பேடண்டுப் பரிசீலனையும்

புது டில்லியின் தென்பகுதியில், ஸ்ரீ அரவிந்தர் மார்க்கத்தை ஒட்டி ஐ.என்.ஏ. மார்க்கெட் அமைந்துள்ளது. இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கிய இவ்வங்காடியில் மீனும் இறைச்சியும், மசாலைச் சரக்குகளும், தெற்கேயிருந்து வரும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் கிடைக்கும் என்பதைத் தலைநகரில் வாழும் தமிழர்கள் நன்கு அறிவர். யந்திர சாஸ்திரம் பயிலும் இடமாக இதனை எவரும் கருதுவதில்லை. எனினும், இத்தகைய அங்காடியின் ஒரு சந்துக்குள் சற்று நேரம் நின்று பார்ப்பவர், பொறியியலின் மிகப் பழைய இணைப்பு முறைகளுள் ஒன்று திரும்பத் திரும்பக் கையாளப்படுவதைக் காணலாம். கடைக்காரர் பழைய பல்பைக் கழற்றிப் புதியதை ஹோல்டரில் நுழைத்து, அமுக்கி, சிறிது திருப்பி விடுகிறார். பிரஷர் குக்கர் வாங்க வந்தவர் மூடியை வைத்துத் திருப்பி, மேற்கைப்பிடி கீழ்க்கைப்பிடியின்மீது சரியாக வந்து அமைகிறதா என்று சோதிக்கிறார். இரண்டிலும் நடைபெறுவது ஒன்றே: நுழைத்தல், திருப்புதல், பூட்டுதல்.

திருகாணியைப் பலமுறை சுற்ற வேண்டும். அதன் பிடிப்பு பெரும்பாலும் உராய்வைச் சார்ந்தது. திருகிப் பூட்டும் இணைப்புக்கோ கால் சுற்று அல்லது அதனினும் குறைவான திருப்பமே போதுமானது. ஓர் உறுப்பில் துருத்தி நிற்கும் முளைகள் இருக்கும். மற்றதில் அவை புகுந்து பக்கவாட்டில் திரும்புதற்கேற்ற காடிகள் இருக்கும். நம் வீடுகளில் வழங்கும் 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள பல்புத் தலையில் இரண்டு முளைகள் உள்ளன. ஹோல்டரிலுள்ள வில் பல்பை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால், காடியின் முடிவிலுள்ள சிறு குழியில் முளைகள் சென்று தங்கிவிடுகின்றன. வில்லுக்கு எதிராக மறுபடியும் அமுக்கினாலன்றி அவை வெளிவரா. ஆகவேதான் அதிர்ச்சி மிகுந்த இடங்களிலும் இவ்விணைப்பு தளர்வதில்லை. குக்கரில் மூடியின் முளைகள் பாத்திர விளிம்பின்கீழ் சென்று பற்றிக்கொள்கின்றன. உள்ளே நீராவியின் அழுத்தம் ஏற ஏற அப்பிடிப்பு இறுகுகிறது. துப்பாக்கி முனையில் பயனெட் எனப்படும் குத்துவாளைப் பொருத்த 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் கையாண்ட முறையே இது. பயனெட் இணைப்பு என்ற பெயரும் அதனால் வந்தது.

தொழிற்சாலைகளிலும் போக்குவரத்திலும் இது பல வடிவங்களில் வழங்குகிறது. விமான எஞ்சின் உறைகளைக் கால் சுற்றில் பூட்டும் டிசூஸ் இணைப்பு 1930களில் அமெரிக்காவில் தோன்றியது. சரக்குக் கொள்கலன்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மூலைகளில் பூட்டும் டுவிஸ்ட்லாக்கின் வரலாறு சுவையானது. கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர் அமைத்த இப்பூட்டின் பேடண்டு உரிமையை, அதனை உடைய கப்பல் நிறுவனம் 1963இல் யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்த விட்டுக்கொடுத்தது. உலகெங்கும் ஒரே அளவுள்ள மூலைப் பொருத்துகள் ஏற்பட அது வழிவகுத்தது.

இத்துணைப் பழைமையான ஒரு முறைக்கு இன்று எவரேனும் புதிதாகப் பேடண்டு, அதாவது காப்புரிமை, கோரினால் என்ன நேரும்? ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். ஆலை யந்திரத்தின் காப்பு மூடி அதிர்ச்சியால் அடிக்கடி கழன்று விழுகிறது. சிறு பட்டறை உரிமையாளர் ஒருவர், முளையும் காடியும் உள்ள இணைப்பில் வில்லோடு கூடிய ஓர் உருண்டையைச் சேர்த்து, பூட்டிய நிலையில் அது ஒரு குழியில் சென்று அமருமாறு செய்கிறார். வடநாட்டினரின் விண்ணப்பங்களைக் கவனிப்பது டில்லித் துவாரகையிலுள்ள பேடண்டு அலுவலகம். தமிழ்நாட்டினர் சென்னை அலுவலகத்தை அணுக வேண்டும். விண்ணப்பம் சாதாரணமாக 18 மாதங்களுக்குப் பின் வெளியிடப்படும். எனினும், பரிசீலிக்குமாறு தனியே கோரிக்கை கொடுத்தாலன்றிப் பரிசீலனை தொடங்காது. 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட விதிகளின்படி இக்கோரிக்கைக்கு 31 மாதக் கெடு உண்டு. கெடு தவறினால் விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகவே கருதப்படும்.

பரிசீலகர் முதலில் நோக்குவது படத்தையன்று, உரிமைக்கோரிக்கை வாசகத்தையே. எதனைத் தமக்குரியதென்று விண்ணப்பதாரர் வேலி கட்டுகிறார் என்பது அதில்தான் உள்ளது. பின்னர் அவர் சர்வதேச வகைப்பாட்டில் எஃப் 16 பி 21/04 என்ற பிரிவைத் திறக்கிறார். பயனெட் முறையில் திருப்பிப் பூட்டும் இணைப்புகள் யாவும் அங்கே தொகுக்கப்பட்டுள்ளன. முளை, காடி, வில், உருண்டை ஆகிய அனைத்தும் ஒரே பழைய ஆவணத்தில் காணப்பட்டால் புதுமை இல்லையென்று விண்ணப்பம் விழுந்துவிடும். அவை இரண்டு மூன்று ஆவணங்களில் சிதறிக் கிடந்தால் கேள்வி நுட்பமாகிறது: துறை அறிந்த ஒருவருக்கு அவற்றைச் சேர்ப்பது எளிதில் தோன்றியிருக்குமா? தெரிந்த சாதனங்களை வெறுமனே அடுக்கி, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே தனித்துச் செய்யுமாயின், சட்டத்தின் 3ஆம் பிரிவு அதனைப் புதுப்புனைவாக ஏற்பதில்லை. மாறாக, காடியின் சரிவை வேறுவிதமாக அமைத்து, அதிர்ச்சியே முளையை மேலும் இறுக்குமாறு ஒருவர் செய்து காட்டினால், அவர் கட்சி வலுப்பெறும். ஆட்சேபங்கள் அடங்கிய முதல் பரிசீலனை அறிக்கைக்கு ஆறு மாதத்தில் விடை தர வேண்டும். பெரும்பாலான விண்ணப்பங்களில் வேலி சுருங்குவது இக்கட்டத்தில்தான்.

ஆனால் பரிசீலகர் தேடுவது ஆவணங்களை. அங்காடியில் பத்தாண்டுகளாக விற்கப்படும் ஒரு பூட்டு எந்தப் புத்தகத்திலும் அச்சேறாதிருக்கலாம். பட்டறைத் தொழிலாளி கையால் அறிந்தது எந்தக் கோப்பிலும் இராது. இவ்விடைவெளியின் விளைவை விளக்க, மிர்சாப்பூரில் எழுந்த வழக்கைவிடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது. அதுவும் ஒரு பொருளைப் பிடித்து நிறுத்தும் சாதனம் பற்றியதே.

உத்தரப் பிரதேசத்து மிர்சாப்பூர் பித்தளைப் பாத்திரத் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அக்காலத்தில் தட்டுகளைக் கடைசல் யந்திரத்தின் சுழலும் தலைப்பகுதியில், சூட்டில் இளகும் ஒருவகைப் பசையால் ஒட்டியோ, சக்கின் தாடைகளில் பற்ற வைத்தோ சுரண்டி மெருகேற்றினர். சுழலும் தட்டு சில வேளைகளில் பிடியினின்று விடுபட்டுப் பறக்கும். தொழிலாளியின் உயிருக்கே அதனால் ஆபத்து. 1951இல் ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்ற கூட்டு நிறுவனத்தின் பங்குதாரர் ஒருவர், தட்டை ஒருபுறம் மட்டும் பற்றாமல், எதிர்ப்புறத்து டெயில்ஸ்டாக்கினாலும் அழுத்தி நிறுத்தும் ஏற்பாட்டைச் செய்தார். அந்நிறுவனம் 46368 என்ற எண்ணுள்ள பேடண்டைப் பெற்றது. அது 1951 டிசம்பர் 13 முதல் செல்லுபடியாகும் எனக் குறிக்கப்பட்டது. அதே ஊரிலிருந்த பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் என்ற நிறுவனம் அம்முறையைக் கையாளவே, வழக்கு மூண்டது. எதிர்வாதி நிறுவனமோ, இதில் புதுமை ஏதுமில்லை, பேடண்டையே ரத்துச் செய்ய வேண்டுமென்று எதிர்மனுப் போட்டது.

அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி பேடண்டை ரத்துச் செய்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அதனை மீட்டளித்தனர். 1978 டிசம்பர் 13இல் உச்ச நீதிமன்றம், நீதிபதி சர்க்காரியாவின் தீர்ப்பின் வாயிலாக, மீண்டும் அதனை ரத்துச் செய்தது. டெயில்ஸ்டாக் பல பத்தாண்டுகளாகக் கடைசல்காரர் அறிந்த உறுப்பு. பாத்திரத்தைத் தாங்க அதனைச் சற்றே மாற்றிக் கையாண்டது பட்டறையில் இயல்பாக ஏற்படும் சீர்திருத்தமேயன்றி, தேர்ந்த கைவினைஞரின் ஆற்றலுக்கு அப்பாற்பட்டதன்று என்பது தீர்ப்பின் சாரம். பாதுகாப்பும் விரைவும் கிடைத்தன என்பது வேறு. புனைவுத்திறன் இருந்ததா என்பது வேறு. தொழிலாளியின் உயிரைக் காத்த ஏற்பாட்டுக்கு உரிமை மறுக்கப்பட்டது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அவ்வுரிமை நிலைத்திருந்தால், அண்டைப் பட்டறைகள் அதே பாதுகாப்பைக் கைக்கொள்ள அனுமதி கேட்டு நிற்க நேர்ந்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்னொரு விசித்திரமும் உண்டு. 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி பேடண்டின் ஆயுள் 16 ஆண்டுகளே. இறுதித் தீர்ப்பு வந்தபோது அது முடிந்து ஏறத்தாழ 11 ஆண்டுகள் கடந்துவிட்டன.

பேடண்டு வழங்கப்பட்டதனாலேயே அது செல்லுமென்று உறுதியாகாது என்பதையும் அத்தீர்ப்பு எடுத்துரைத்தது. நீதிபதி என். ராஜகோபால ஐயங்கார் 1959இல் அளித்த அறிக்கையை அடியொற்றி இயற்றப்பெற்று, 1972 ஏப்ரல் 20இல் அமலுக்கு வந்த 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13(4) பிரிவு இதனை வெளிப்படையாகவே கூறுகிறது. இன்று பேடண்டின் ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டுகள். ஆதலின், தகாத ஒன்று நுழைந்துவிட்டால் அதன் சுமையும் நெடியது.

அங்காடியும் பட்டறையும் அறிந்ததைக் கோப்புக்குள் கொண்டுவர 25ஆம் பிரிவு இடமளிக்கிறது. விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின், உரிமை வழங்கப்படுமுன் எவரும் எதிர்ப்பு மனு அளிக்கலாம். இந்தியாவில் முன்னரே பொதுமக்கள் அறிந்தது அல்லது பயன்படுத்தியது என்பதும் அதற்குரிய காரணங்களுள் ஒன்று. 2024க்குப் பின் இதற்குக் கட்டணம் உண்டு. மனு ஏற்கத்தக்கதா என்று கண்ட்ரோலர் முதலில் பார்க்கிறார். வழங்கப்பட்ட பின்னரும், தொடர்புடையோர் ஓராண்டுக்குள் எதிர்க்கலாம்.

இதே விதி புனைவோருக்கு எதிராகவும் திரும்பும். தொழிற்பயிற்சி நிலைய மாணவர் தாம் அமைத்த பூட்டை விண்ணப்பிக்குமுன் கடையில் விற்றாலோ, பள்ளிக் கண்காட்சியில் வைத்தாலோ, அது பிறர் அறிந்த பொருளாகிவிடும். மத்திய அரசு அறிவிக்கை செய்த கண்காட்சிகளுக்கு மட்டும் 31ஆம் பிரிவு 12 மாதச் சலுகை தருகிறது. சாதாரணப் பள்ளிக் கண்காட்சி அதில் சேராது. மாணவரின் பொருளைக் காட்சிக்கு அனுப்புமுன் ஆசிரியர் இதனை அவருக்குத் தெரிவித்துவிடுதல் வேண்டும்.

எதிர்ப்பு மனுவில் வாய்மொழி மட்டும் நில்லாது. தேதியிட்ட விற்பனைச் சீட்டு, விலைப்பட்டியல், பட்டறை வரைபடம், பழைய மாதிரி ஆகியவற்றுள் ஏதேனும் வேண்டும். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வாங்கிய ஒரு குக்கரின் பில்லும், அதில் தேதி தெளிவாக இருக்குமாயின், அவ்வாறே சான்றாகக் கூடும்.