டிரிப்பர் ஏன் விழுகிறது?

மாலை ஆறரை மணி. வெளியே நவம்பர் மாதத்து அடைமழை. மறுநாளைக்குச் சீருடை தேய்க்க வேண்டுமென்று இஸ்திரிப் பெட்டியின் ஸ்விட்சைப் போடுகிறோம். 'டப்' என்று ஓர் ஓசை. வீடு முழுவதும் இருள். "மறுபடியுமா?" என்று சமையலறையிலிருந்து அம்மாவின் குரல். சென்ற மழைக்காலத்தில் புதுச்சேரியில் எங்கள் வீட்டில் பத்து நாட்கள் நடந்த கூத்து இது.

இஸ்திரிப் பெட்டியைப் போட்டால்தான் டிரிப்பர் விழுகிறது. ஆகவே பழி முழுவதும் அதன்மேல். கடைக்குக் கொண்டுபோனோம். சோதித்துப் பார்த்த மெக்கானிக், பெட்டியில் ஒரு பழுதும் இல்லையென்று திருப்பிக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து போட்டோம். டப்! ஊரிலிருந்து வந்திருந்த மாமா, "அந்த டிரிப்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு டைரக்டாகக் கொடுத்துவிடுங்கள் மச்சான், தொல்லை விட்டது" என்றார். இருட்டில் சமைத்துச் சலித்துப்போயிருந்த அம்மாவும் தலையசைத்தார். அப்பா மட்டும், எலக்ட்ரீஷியன் வரும்வரை யாரும் அதைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

மாமா கழற்றச் சொன்ன அந்தக் கருவி என்னதான் செய்கிறது? எங்கள் மெயின் போர்டில் இரண்டு வகைக் காவலர்கள் உண்டு. ஒன்று எம்.சி.பி. பழைய வீடுகளில் பியூஸ் கட்டை செய்த வேலையை இது செய்கிறது. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் இது விழும். மற்றொன்றுதான் நாம் டிரிப்பர் என்று சொல்லும் ஆர்.சி.சி.பி. 'பேஸ்' கம்பி வழியே வீட்டுக்குள் போன மின்சாரம் அத்தனையும் 'நியூட்ரல்' கம்பி வழியே திரும்பி வருகிறதா என்று இது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. வீடுகளில் வைக்கும் வகையில் அந்தக் கணக்கு 30 மில்லியாம்பியர் குறைந்தாலே, கண் இமைப்பதற்குள் இணைப்பைத் துண்டித்துவிடும். குறைந்த மின்சாரம் வேறெங்கோ, ஒருவேளை ஒரு மனித உடல் வழியாக, பூமிக்குப் போகிறது என்பதே அதன் பொருள். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்த 30 மில்லியாம்பியர் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆள் துடித்துக்கொண்டிருந்தாலும் அதற்குத் தெரியாது. இத்தகைய கருவி ஒன்றை அமெரிக்காவில் 1961-இல் உருவாக்கியவர் சார்லஸ் டால்சியல் என்னும் பேராசிரியர். மனித உடல் எவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். நம் நாட்டில் 2021-ஆம் ஆண்டில் மட்டும் மின்சாரம் தாக்கி 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் என்பதை அறியும்போது மாமாவின் யோசனை எவ்வளவு விபரீதமானது என்று புரிகிறதல்லவா?

மழைக்காலமாதலால் எலக்ட்ரீஷியன் அண்ணன் வர இரண்டு நாளாகும் என்றார். அதுவரை ஒரு சோதனை செய்து பார்க்கும்படி தொலைபேசியிலேயே அப்பாவிடம் சொன்னார். மற்ற எல்லாச் சாமான்களின் ஸ்விட்சையும் அணைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியைப் போட்டோம். விழுந்தது. "பார்த்தீர்களா, பெட்டிதான்!" என்றார் மாமா. ஆனால் எலக்ட்ரீஷியன் சொன்னது ஸ்விட்சை அணைப்பதோடு முடியவில்லை; பிளக்கையே பிடுங்க வேண்டும். கை ஈரமில்லாமல், காலில் செருப்போடு, ஒவ்வொன்றாகப் பிடுங்கினோம். டி.வி. பிளக்கை எடுத்தோம், விழுந்தது. மிக்சி, விழுந்தது. பிரிட்ஜ், அப்போதும் விழுந்தது. கடைசியாகச் சமையலறை மூலையில் சும்மா நின்றிருந்த கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கினோம். இஸ்திரிப் பெட்டி சமர்த்தாகச் சூடேறியது!

எங்களுக்கு ஒரே திகைப்பு. பாட்டி ஊருக்குப் போனதிலிருந்து கிரைண்டர் ஓடவே இல்லை. மாவுகூடக் கடையில்தான் வாங்கினோம். ஸ்விட்ச் அணைந்து கிடக்கும் கிரைண்டர் எப்படிக் குற்றவாளியாகும்?

விடை எளியது. நம் வீட்டுச் சுவரிலுள்ள ஸ்விட்ச் பெரும்பாலும் பேஸ் கம்பியை மட்டுமே துண்டிக்கிறது. நியூட்ரல் கம்பி எப்போதும் இணைந்தபடியே இருக்கும். எங்கள் கிரைண்டருக்குள் நியூட்ரல் கம்பியின் மேலுறை தேய்ந்து, இரும்பு உடலைத் தொட்டுக்கொண்டிருந்தது. உடலிலிருந்து எர்த் கம்பி பூமிக்குப் போகிறது. 1000 வாட் இஸ்திரிப் பெட்டி நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது திரும்பிவரும்போது ஒரு சிறு பங்கு, கிளை வாய்க்காலில் தண்ணீர் பிரிவதுபோல, கிரைண்டர் வழியே பூமிக்குள் இறங்கிவிட்டது. கணக்கு உதைத்தது, டிரிப்பர் விழுந்தது. விளக்குக்கும் விசிறிக்கும் ஓடும் மின்சாரம் கொஞ்சம்தான். அதில் பிரியும் பங்கு டிரிப்பரை அசைக்கப் போதவில்லை. அதனால்தான் அவற்றைப் போட்டபோது விழவில்லை.

எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து கிரைண்டரைக் கவிழ்த்து அடித்தட்டைக் கழற்றியபோது உள்ளே ஈரமும் காய்ந்த மாவும் அப்பியிருந்தன. ஊருக்குப் போகுமுன் பாட்டி வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டுப் போயிருந்தார். (கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பெருமைக்குரிய பொருள்தான், ஆனால் அதற்கும் அடியில் குளிப்பாட்டினால் ஆகாது.) பிளக் பாயிண்டின் பித்தளைத் திருகுகளிலும் பச்சைக் களிம்பு. கடற்காற்று வீசும் ஊரில் இது வழக்கம்தானாம்.

பிறகு அவர் இன்னொரு கம்பியைக் காட்டினார். நியூட்ரலுக்குப் பக்கத்திலேயே ஓடும் பேஸ் கம்பி. அதன் மேலுறையும் பாதிக்குமேல் தேய்ந்திருந்தது. அது உடலைத் தொட்டால், டிரிப்பரும் இல்லாமல், எர்த்தும் எங்காவது விட்டுப்போயிருந்தால், கிரைண்டர் முழுவதும் 230 வோல்ட் ஏறி நின்றிருக்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது. பாட்டி ஞாயிற்றுக்கிழமை வருவதாக இருந்தார். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று, கிரைண்டரைக் கட்டிப்பிடித்தபடி மாவு வழிப்பதுதான் அவர் பழக்கம். மாமா ஒன்றும் பேசாமல் திண்ணைக்குப் போய்விட்டார்.

புதிய கம்பியும் மூன்று முனைப் பிளக்கும் போட 350 ரூபாய் ஆயிற்று. டிரிப்பரில் 'டி' என்று போட்ட பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்கவும் எலக்ட்ரீஷியன் அண்ணன் கற்றுக்கொடுத்தார். அழுத்தியதும் விழுந்தால் கருவி நல்ல நிலையில் இருக்கிறது என்று பொருள். பேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டால் மட்டும் அதனாலும் நம்மைக் காப்பாற்ற முடியாது. கணக்கு சரியாகவே இருப்பதாக அது நினைத்துக்கொள்ளும்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று அந்தப் பொத்தானை அழுத்துவது இப்போது எங்கள் வேலை. பாட்டி டி.வி. பார்க்கும் நேரம் பார்த்து அழுத்துகிறோம் என்று எங்கள்மேல் ஒரு புகார் மட்டும் நிலுவையில் இருக்கிறது.