சிறிய சிலம்பக் கூடம்: நடத்துவதில் உள்ள சிக்கல்கள்

தமிழ்நாட்டின் சிலம்பக் கூடங்கள் பலவும் ஓர் ஆசானையும் அவரிடம் பயின்று வளர்ந்த ஓரிரு மூத்த மாணவர்களையும் நம்பியே நடக்கின்றன. அவற்றுக்கென்று கட்டடமோ அலுவலகமோ இருப்பதில்லை. பள்ளி திறக்கும் முன் காலையிலும், பள்ளி விட்டபின் மாலையிலும் ஏதாவது ஒரு திடலில் பிள்ளைகள் கூடுவார்கள். பகலில் ஆசான் வேறு வேலைக்குப் போய்விடுவார். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. மாநில அரசு வேலைவாய்ப்பில் விளையாட்டு வீரர்களுக்கான 3 விழுக்காடு ஒதுக்கீட்டிலும் அது சேர்க்கப்பட்டிருக்கிறது. கலைக்கு மதிப்பு கூடியிருக்கிறது; கூடத்தை நடத்துகிறவரின் பாடு இன்னும் எளிதாகவில்லை.

முதல் சிக்கல் இடம். சிலம்பக் கம்பு பெரும்பாலும் ஆடுபவரின் நெற்றி உயரத்துக்கு இருக்கும். வளர்ந்த ஒருவர் 5 அடிக் கம்பை ஒரு முனைக்கு அருகில் பிடித்துக் கையை நீட்டிச் சுழற்றினால், கம்பின் மறுமுனை அவரிடமிருந்து ஆறு ஆறரை அடி தூரம் வரை போகும். அடுத்தவர்மேல் படாமல் ஆட ஒருவருக்கு 13 அடிக்கு 13 அடி, அதாவது 169 சதுர அடி வேண்டும். சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. முழு வீச்சில் ஆடும்போது அதில் 14 பேருக்குத்தான் இடம் உண்டு. கராத்தே வகுப்பு இதில் பாதி இடத்திலேயே நடந்துவிடும். கூரைக்குள் ஆடுவதும் கடினம். 10 அடி உயர அறையில் தலைக்குமேல் கம்பைச் சுழற்றினால் மின்விசிறியில் இடிக்கும்.

ஆகவே சிலம்பம் வெட்டவெளியை நாடுகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை வகுப்புகளைக் கலைத்துவிடும். மொட்டை மாடியில் நடத்தினால் கால் அடிக்கும் சத்தத்துக்குக் கீழ்வீட்டாரிடமிருந்து புகார் வரும். மாநகராட்சித் திடலில் கிரிக்கெட் ஆடுகிறவர்கள், நடைப்பயிற்சி செய்கிறவர்கள் ஆகியோரோடு இடத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளி மைதானமோ கோயில் திடலோ கிடைத்தாலும் அனுமதி பெரும்பாலும் வாய்வார்த்தைதான். தலைமையாசிரியர் மாறுதலாகிப் போனால் அனுமதியும் அவரோடு போய்விடும். காலை ஒன்றரை மணி நேரம், மாலை ஒன்றரை மணி நேரம் என்று எழுத்துமூலம் ஒதுக்கித் தர உள்ளாட்சி அமைப்புகளுக்குச் செலவு எதுவும் இல்லை. ஒரு கூடம் நிலைப்பதற்கு இதைவிடப் பெரிய உதவியும் இல்லை.

அடுத்தது பணம். முன்பு ஆசானுக்கு வெற்றிலை பாக்கோடு தட்சிணை வைத்து வணங்கிப் பயிற்சியைத் தொடங்குவார்கள். மாதக் கட்டணம் என்ற பேச்சே இராது. ஆசானுக்கு விவசாயமோ வேறு தொழிலோ இருந்ததால் அது ஒத்துவந்தது. நகரத்தில் அது நடக்காது. ஒரு கூடத்தில் 30 பிள்ளைகள், மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் வரவு 15,000 ரூபாய். அதில் அண்ணன் தம்பிகளுக்குச் சலுகை, கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைகளுக்கு விலக்கு, தவறும் தவணைகள் என்று மூன்றில் ஒரு பங்கு போய்விட்டால் மிச்சம் 10,000. இதிலிருந்துதான் திடலுக்கான வாடகை, உதவியாளர் படி, கம்பு, முதலுதவிப் பொருள்கள் எல்லாம். மூங்கில் நாள்பட்டால் வெடிக்கும், சிம்பு பெயரும். அப்படிப்பட்ட கம்பை உடனே ஒதுக்கியாக வேண்டும். பிள்ளைகள் வளர வளரக் கம்பின் உயரமும் மாறும். சுருள்வாள், மான்கொம்பு, வாள் ஆகிய ஆயுதங்கள் வரைக்கும் கற்றுத்தர விரும்பும் ஆசான் அவற்றையும் தானேதான் வாங்க வேண்டும்.

வரவு ஆண்டு முழுதும் சீராகவும் இருப்பதில்லை. மே மாதக் கோடை வகுப்புக்குப் பிள்ளைகள் திரண்டு வருவார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் அவர்களில் பலர் நின்றுவிடுவார்கள். மார்ச், ஏப்ரல் தேர்வுக் காலத்தில் திடல் வெறிச்சோடும். பத்தாம் வகுப்பு வந்தால் பெற்றோரே நிறுத்திவிடுவது வழக்கம். ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை காலடி, வரிசை, வீடு கட்டுதல் ஆகிய பாடங்கள் எல்லாம் படிந்து, சிறியவர்களுக்குச் சொல்லித்தரும் பக்குவத்தை எட்டும் நேரம் அதுதான்.

கற்பிக்கும் முறையையும் இந்த நெருக்கடி மாற்றுகிறது. பழைய ஒழுங்கில் காலடி வைப்பு நன்றாகப் படியும்வரை கம்புவீச்சுக்குப் போகமாட்டார்கள். இன்று சேர்ந்த மூன்று மாதத்தில் பள்ளி ஆண்டுவிழா மேடையில் பிள்ளை கம்பு சுற்ற வேண்டும் என்று பெற்றோர் எதிர்பார்க்கிறார்கள். கண்ணுக்கு அழகான அலங்கார வீச்சு முன்னே வருகிறது. அடி, தடுப்பு, எதிராளியின் கம்பைப் படிக்கும் கண் ஆகியவை பின்னே தள்ளப்படுகின்றன. தனியார் அமைப்புகள் நடத்தும் ‘உலக சாதனை’ நிகழ்ச்சிகள் இன்னும் மோசம். சிறு பிள்ளைகளை மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்தித் தொடர்ந்து கம்பு சுற்ற வைப்பதில் தோளும் மணிக்கட்டும் வீணாகத் தேய்கின்றன. ஆசான்கள் இதைத் துணிந்து மறுக்க வேண்டும்.

சான்றிதழ் விஷயத்தில் குழப்பம் மிகுதி. சிலம்பத்துக்குச் சங்கங்கள் பல. ஒவ்வொன்றும் மாவட்ட, மாநில, தேசியப் போட்டி என்று நடத்தும். நுழைவுக் கட்டணம், பயணம், சீருடை எல்லாம் பெற்றோர் தலையில். ஒரு சங்கத்தோடு சேர்ந்த கூடத்தை இன்னொரு சங்கம் தன் போட்டிக்கு அழைப்பதில்லை. அரசு ஒதுக்கீட்டுக்கு அங்கீகாரம் பெற்ற அமைப்பின் உரிய படிவம்தான் செல்லும். வீட்டில் குவிந்த பதக்கங்கள் உதவா. இது சிலம்பத்துக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2020இல் உலக கராத்தே கூட்டமைப்பு இந்தியக் கராத்தே சங்கத்தின் அங்கீகாரத்தை விலக்கியபோதும் அந்த விவகாரத்தில் பங்கில்லாத சிறு பயிற்சிக் கூடங்களின் மாணவர்கள் நிச்சயமின்றி நின்றார்கள். போட்டிக்குப் பணம் வாங்கும் முன், அந்தச் சான்றிதழ் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது என்பதைப் பெற்றோருக்கு நேராகச் சொல்லிவிடுவது ஆசானின் கடமை.

பதிவு, பாதுகாப்பு ஆகியவற்றில் பல கூடங்கள் பின்தங்கியிருக்கின்றன. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கத்தைப் பதிவு செய்யலாம். அதன்பின் ஆண்டுக் கூட்டம், கணக்குத் தாக்கல் என்று காகித வேலை தொடரும். கூலி வேலைக்குப் போய்வரும் ஆசானுக்கு அது சுமைதான். ஆனாலும் சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு வைக்கவும், முறையாக இடம் கேட்டு விண்ணப்பிக்கவும் பதிவு வேண்டும். காயங்களைப் பொறுத்தவரை விரல் முட்டி, முழங்கை, கணுக்கால் ஆகியவற்றில் படும் அடிகளே மிகுதி. கண்ணில் படும் அடிதான் அஞ்சத்தக்கது. முதலுதவிப் பெட்டி, எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்கும் தொடுமுறைப் பயிற்சியில் தலைக்கவசம், குழு விபத்துக் காப்பீடு மூன்றும் இல்லாமல் பிள்ளைகளை மோதவிடக் கூடாது.

பெண் பிள்ளைகளைச் சேர்க்கும் கூடங்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் அருகில் வேண்டும். நிலை திருத்தக் கையைத் தொட்டுக் காட்ட வேண்டிய கலை இது. பெண் உதவியாளர் ஒருவர் இருப்பதும், பெற்றோர் எந்த நேரமும் வந்து பார்க்கலாம் என்ற வழக்கமும் பிள்ளைக்கும் ஆசானுக்கும் ஒருசேரப் பாதுகாப்பு. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் பற்றித் தெரியவந்தால் அதைக் காவல்துறைக்குச் சொல்வது எவருக்கும் கட்டாயம். பயிற்சியாளரும் அதற்கு விலக்கல்லர்.

எல்லாவற்றிலும் கடினமானது ஆசானுக்குப் பின் யார் என்பது. துளுக்காணம், குறவஞ்சி, மறக்காணம் என்று வழங்கும் முறைகள் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. ஆசானின் உடம்பில் இருக்கின்றன. ஒரே வரிசைக்கு ஊருக்கு ஊர் வேறு பெயர். மூத்த மாணவர் படிப்பு முடிந்ததும் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ வேலை தேடிப் போய்விட்டால், ஆசான் தளரும்போது கூடமும் நின்றுபோகும். ஒரு மூத்த மாணவரையாவது மாதச் சம்பளத்தில் அமர்த்தும் அளவுக்கு வரவு இருந்தால்தான் கலை அடுத்த கைக்கு மாறும். கட்டணம் கேட்கக் கூச்சப்படும் ஆசான்கள் அந்தக் கூச்சத்தை விட வேண்டும். தேர்வுக் காலத்தில் பிள்ளை வகுப்புக்கு வராவிட்டாலும், முடிந்த பெற்றோர் அந்த இரண்டு மாதக் கட்டணத்தை நிறுத்தாமல் கட்டிவர வேண்டும்.